நூற்றுப் பதினான்காவது திருத்தம்

ஏழு மாதம். பதினொரு கூட்டம். திருத்தமோ மொத்தமே நான்கு வரி.

வியாழக்கிழமை காலை பர்மிங்காமில் அதற்கு வாக்கெடுப்பு. வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அதைத் திருத்தும் அதிகாரம் எங்கள் குழுவுக்கு. நான், ஹிலரி த்ரெல்ஃபால், அதன் செயலாளர்.

மேஜை நடுவே ஸ்பீக்கர் போன். மறுமுனையில் டோரீன் க்ளெக், ஓல்டம் ஊரில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் எண் வீட்டில். அவள் கணவர் எரிக்குக்கு ஆக்சிஜன் இயந்திரம்தான் மூச்சு. கட்டடம் கட்டியபோது எவனோ மூன்றாம் வீட்டு மீட்டரையும் நான்காம் வீட்டு மீட்டரையும் மாற்றி மாட்டித் தொலைத்திருந்தான். ஆக, எரிக்கின் இயந்திரம் ஓடுவது பக்கத்து வீட்டு டாட்டர்சாலின் ப்ரீபெய்டு மீட்டரில். அந்த டாட்டர்சால் அன்று மதியம் ஆறு வாரத்துக்கு ஸ்பெயின் கிளம்புகிறார். அதை ரீசார்ஜ் செய்ய அவரால்தான் முடியும்; பூட்டிய வீட்டுக்கு ஏன் செய்யப்போகிறார்? இருப்பு சனிக்கிழமை தீரும். வார இறுதியில் துண்டிக்கக் கூடாது என்பதால் மீட்டர் பொறுத்திருக்கும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தானாக அணைந்துவிடும்.

அந்த மீட்டர் தங்களுடையது இல்லை என்றது அவளுடைய கம்பெனி. அவள் தங்கள் வாடிக்கையாளர் இல்லை என்றது டாட்டர்சாலின் கம்பெனி. மீட்டர் மாறியிருக்கும் வீடுகளில், அந்த மின்சாரத்தை உண்மையில் பயன்படுத்துகிறவர் கேட்டாலே துண்டிப்பை நிறுத்தலாம் என்றது நூற்றுப் பதினான்கு.

வாடிக்கையாளர்களின் பிரதிநிதி நெஸ்டா ப்ரைஸ்தான் டோரீனைப் போனில் கொண்டுவந்திருந்தாள். நெஸ்டா பேசலாம், வாக்கு கிடையாது. 'கேட்டாலே' என்றால் போனிலா, கடிதத்திலா என்று தலைவர் டெஸ்மண்ட் ஐம்பது நிமிடம் விவாதம் நடத்தினார். நெஸ்டா ஒரு பிஸ்கட்டைப் பொடிப்பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்கு என் கணினியில் ஒரு மின்னஞ்சல். எல்லாரும் பார்க்கும்படி திரையைத் திருப்பினேன்.

திருத்தத்தை முன்மொழிந்த சின்னக் கம்பெனி காலை ஒன்பது மணிக்கு மூடப்பட்டுவிட்டது. உரிமம் ரத்து. முன்மொழிந்த கம்பெனி போனால் அதன் முன்மொழிவும் அந்த நொடியே காலாவதி. எங்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு மணி நேரமாகப் பிணத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரே வழி, கூட்டம் முடிவதற்குள் வேறொரு கம்பெனி அதைத் தத்தெடுக்க வேண்டும். நெஸ்டா நேரே குழு உறுப்பினர் ஃபெர்கஸ் லெய்ட்லாவைப் பார்த்தாள். டாட்டர்சாலின் கம்பெனியில் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் அவர்தான்.

"இந்த ரூமுக்குள்ள நான் கம்பெனி ஆள் இல்ல, நெஸ்டா. எழுதிக் குடுத்துட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

உண்மைதான். ஒன்பது உறுப்பினர்களும், கூட்டத்தில் சொந்தக் கம்பெனிக்காகப் பேசுவதில்லை என்ற நடுநிலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள். அந்த ஒன்பது பத்திரங்களும் என் அலமாரியில்தான் இருக்கின்றன.

திருத்தம் காலாவதி என்று டெஸ்மண்ட் அறிவித்தார். அடுத்தது நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள்: அடுத்த ஆண்டுக் கூட்டத் தேதிகள்.

"என்னாச்சு?" ஸ்பீக்கரில் டோரீன். "பாஸா?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி மூடியதை, புதிதாக இன்னொருவர் முன்மொழிய வேண்டியதை, அதற்குக் குறைந்தது ஆறு மாதம் ஆகும் என்பதை.

"நான் திங்கக்கிழமையப் பத்திக் கேட்டேன்" என்றாள். பிறகு, "அங்க டாட்டர்சால் கம்பெனிக்காரர் யாராச்சும் இருக்கீங்களா?"

ஃபெர்கஸ் மேல்கூரையைப் பார்த்தார். "இருக்கேன்" என்றார் கடைசியில்.

"அந்தாளே கேட்டா நிறுத்துவீங்களா, கண்ணு?"

"அவர் கேட்டா அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குத் திருத்தமே வேண்டாம்."

நெஸ்டா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏழு மாசமா இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் இந்த ரூமுக்குள்ள நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது."

டாட்டர்சாலிடம் கேட்டுப் பார்க்கவில்லையா என்று நான் டோரீனிடம் கேட்டேன். குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்ற சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அவர் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் வேறு. அதைச் சொல்லி முடிக்கும்போதே செருப்புச் சத்தம் கேட்டது. போனைக் கையிலேயே வைத்திருந்தாள். கதவு தட்டும் ஓசை மேஜை முழுக்க அதிர்ந்தது. டெஸ்மண்ட்கூடப் பேனாவை அசைக்கவில்லை.

கதவு திறந்தது.

"தொட்டியை நகத்த முடியாது. டாக்ஸி வர்ற நேரம்" என்றது ஓர் ஆண்குரல்.

"தொட்டி கிடக்கட்டும். எரிக் மூச்சு உங்க மீட்டர்ல ஓடுது, டாட்டர்சால். இந்தப் போனைப் பிடிங்க."

"யார் பேசறது?" என்றார் அவர், குரல் இறங்கி.

ஃபெர்கஸ் அவருடைய எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். தன் மொபைலோடு எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அங்கே அவர் கம்பெனி ஆள்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். டாட்டர்சாலை இணைப்பில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் கம்பெனியின் சேவை மையத்தை அழைத்தார். அது அவரையும் வரிசையில் நிறுத்தியது. நாற்பத்தொரு நிமிடம். ஒன்பது பேரில் அன்று வந்திருந்தது ஐந்து பேர்தான்; அவர் இல்லாமல் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லை. ஆறாவது பொருளைத் தொடங்கவும் முடியாது. ஆளுக்கொரு முட்டை சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

உள்ளே வந்தபோது ஃபெர்கஸின் காது சிவந்திருந்தது. மீட்டர் இனி தானாக அணையாது, டாட்டர்சாலின் சம்மதம் பதிவாகிவிட்டது என்றார். நான் அதை டோரீனிடம் சொன்னேன்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு மெஷின் ஓடினா நம்பறேன்" என்றாள். "உங்க கூட்டத்துல ஒருத்தர் அப்ப லைன்ல இருங்க. யாருன்னு இப்பவே சொல்லுங்க."

டெஸ்மண்ட் புத்தகத்தைப் புரட்டினார். நெஸ்டா கையை உயர்த்தினாள். அவளுக்கு அடுத்து, எதிர் நாற்காலியிலிருந்து, ஃபெர்கஸ்.