மூணு அங்குலம் இறக்கிய ஃபுட்ரெஸ்ட்

நான் செய்ததை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் சொன்னால் கூட்டியோ குறைத்தோதான் சொல்வான்.

என் பேர் தணிகாசலம். ஆரணியில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். மூணாவதுக்கு மேல் படிக்கவில்லை. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் குழித்தறியில் பட்டு நெய்தேன். பவர்லூம் வந்த பிறகு, அதில் உடைகிற இரும்பை ஒட்டுகிற வேலைக்கு வந்துவிட்டேன். யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கில்லை. வேலை முடிந்து போனவன் திரும்பி வந்து ஒரு குறை சொன்னால், ஓசியில் இன்னொரு வேலை வாங்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் தோன்றும்.

அருள்பிரகாஷ் சித்திரையில் வந்தான். தனசேகரனுடைய பட்டுக்கடையில் வேலை. தினம் பைக்கில் படவேடு பக்கத்து ஊர்களுக்குப் போய், நெசவுக்காரர்கள் வீட்டில் பாவு நூலைக் கொடுத்துவிட்டு, நெய்து முடித்த புடவைகளை வாங்கி வருவான். ஆள் ஆறடி நாலு அங்குலம். வண்டியில் உட்கார்ந்தால் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரை இடிக்கும். பார்க்க வெட்டுக்கிளி மாதிரி இருப்பான்.

"பெரியவரே, படவேடு போய் வர்றதுக்குள்ள முட்டி கழண்டு போவுது. ஃபுட்ரெஸ்ட்ட கொஞ்சம் எறக்கி, முன்னால தள்ளிக் குடுக்க முடியுமா?"

"காலை ரெண்டு சாண் வெட்டிக்க. வேலை ஜல்தியா முடிஞ்சிடும்."

"எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று சிரித்தான். செல்போனை எடுத்து நீட்டினான். ஃபுட்ரெஸ்டை இறக்க யாரோ வடநாட்டான் செய்த இரும்புப் பட்டையின் படம். "இதுல ஒண்ணரை அங்குலத்துக்கு மேல எறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, பாருங்க."

"போனை உள்ள வை. அவன் உன் காலைப் பாத்தானா? அளவு எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரிந்த அளவு தறி அளவு. குழித்தறியில் புதுசாக ஓர் ஆள் உட்கார்ந்தால், அவன் காலுக்குத் தக்கபடி மிதிகட்டையின் கயிற்றை விட்டுக் கட்ட வேண்டும். ஆளைப் பலகையில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லி, இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு நூலைப் பிடிப்போம். முட்டி லேசாக மடங்கி நிற்கிற இடத்தில் நூலில் ஒரு முடிச்சு. மிதிகட்டை அந்த முடிச்சுக்கு வந்துவிட்டால் நாள் முழுக்க மிதித்தாலும் கால் வலிக்காது. எத்தனையோ பேருக்கு அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தனும் குறை சொன்னதில்லை.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அருள்பிரகாஷை ஏற்றி உட்காரவைத்து, அதே மாதிரி நூல் பிடித்தேன். பழைய ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே மூணு அங்குலத்தில் முடிச்சு விழுந்தது. அந்த இடத்துக்குப் பட்டை வெட்டினேன். கியர் லீவரையும் பிரேக் பெடலையும் அதே அளவுக்கு இறக்கினேன்.

இன்னொன்றும் செய்தேன். வண்டியோடு வந்த ஃபுட்ரெஸ்ட் கீல் வைத்தது. கீழே எதிலாவது இடித்தால் மேல்பக்கமாக மடங்கும், ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். எனக்குக் கீல் பிடிக்காது. நாளானால் ஆடும், ஆடினால் ஆள் திரும்பி வருவான். அதனால் கீலைக் கழற்றிவிட்டுக் கெட்டியான ராடை வைத்து அசையாமல் ஒட்டிவிட்டேன். கழற்றின துண்டு இரண்டையும் பழைய டப்பாவில் போட்டேன். இரும்பை எறிகிற வழக்கம் எனக்கில்லை.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "சேர்ல உக்காந்தாப்பல இருக்குது பெரியவரே!" சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தான். வளைவில் திரும்பினால் கீழே கர்ரென்று ஒரு சத்தம் வருகிறதாம்.

"நீ வேகமா திருப்புறே. மெதுவா போ."

இன்னும் ஒரு வாரம் போனது. மறுபடி வந்து நின்றான். "வலது பக்கம் ரோட்ல ஒரசுது பெரியவரே. ஒரு அங்குலம் மேல ஏத்திட்டா போதும்."

"எறக்குன்னே, எறக்கினேன். இப்ப ஏத்துன்றே. நாளைக்கு மறுபடி எறக்குன்னுவே. நான் இன்னா உன் வீட்டு வேலையாளா? பேஜார் பண்ணாத, போ."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் குனிந்து பார்க்கக்கூட இல்லை. முதுகுவலி என்று இப்போது சொன்னால் அது பொய். பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாசம் விழுந்தான். படவேட்டிலிருந்து புடவைப் பையோடு வரும்போது, வலது பக்கம் திரும்புகிற ஒரு வளைவில். எதிரே கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று அகலமாக வந்திருக்கிறது, இவன் வண்டியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடச் சாய்த்திருக்கிறான். கணுக்கால் எலும்பு உடைந்துபோனது. பையில் இருந்த முகூர்த்தப் புடவை ஒன்று கிழிந்துவிட்டது. வண்டியை ஒரு லோடு வண்டியில் ஏற்றி என் கடையிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள்.

அன்றைக்குத்தான் குனிந்தேன். வலது ஃபுட்ரெஸ்டின் முனை சரிவாகத் தேய்ந்து வெள்ளிபோல் பளபளத்தது. அதில் தார் ஒட்டியிருந்தது. மடங்கியிருந்தால் தப்பித்திருப்பான். மடங்காத இரும்பு ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கிறது.

தறி சாயாது. வண்டி சாயும். இது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நூல் பிடிக்கும்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நான் செய்ததுதான் அசிங்கம். கிரைண்டிங் மிஷினைப் போட்டு அந்த முனையைத் தேய்த்தேன். தாரும் போயிற்று, சரிவும் போயிற்று. உருண்டையாக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். என் பெண்சாதி பூங்காவனம் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவள், "வளைஞ்ச ஹேண்டில் அப்படியே கெடக்குது, அதை இன்னாத்துக்குத் தேச்சிகினு இருக்கே?" என்றாள். துரு என்று சொன்னேன். நான் போட்டு நாலு மாசம் ஆகாத இரும்பில் துருவாம்.

மறுநாள் காலையில் டீக்கடையில் தனசேகரன் கேட்டான். "தணிகாசலம்ணே, வண்டில எதாவது கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது."

"அப்புறம் எப்படி வுழுந்தான்?"

"தெனம் போற வளைவுல எவன் வுழுவான்? தண்ணி கிண்ணி போட்டிருந்தானோ என்னமோ."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் இன்னாத்தப் பாத்தேன். சும்மா சொன்னேன்."

அவ்வளவுதான் பேசினேன். அது போதுமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தன், போன பொங்கலுக்கு அவனைச் சாராயக்கடை வாசலில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருத்தன், உயரமான ஆளுக்குப் போதை சீக்கிரம் ஏறாது, நிறையத்தான் குடித்திருக்க வேண்டும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ரெண்டு நாளில், கால் சரியானாலும் அருள்பிரகாஷ் வேலைக்கு வரவேண்டாம் என்று தனசேகரன் சொல்லி அனுப்பிவிட்டான். குடிக்கிறவன் கையில் பட்டுப் புடவையைக் கொடுத்து அனுப்ப ஆரணியில் யாருக்கும் மனசு வராது. ஒரு கடை வேண்டாம் என்றால் வேறு கடையிலும் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அவன் அம்மா ஆரோக்கியசெல்வி கடைக்கு வந்தாள். புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, எம்புள்ளை குடிக்க மாட்டான். டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. அதைக் காட்டினா, சீட்டெல்லாம் யார் வேணா வாங்கலாம்னு சொல்றாரு மொதலாளி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. உங்களுக்கு மரியாதை குடுக்கறவரு."

யார் சொன்னதை வைத்து அவன் வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவன் இன்னா சொல்றான்?"

"ஃபுட்ரெஸ்ட்டு ரோட்ல குத்திச்சின்றான். நான்தான் அதட்டினேன். பெரியவரு உன்ன உக்காரவெச்சு நூல் புடிச்சு செஞ்சாரு, அவர் வேலையைக் குறை சொல்லாதடான்னேன். அதுலேர்ந்து வாயே தொறக்கறதில்ல."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைப் போய்க் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பஜார் வழியாகப் போனேன். எழுபது வயசில் பைக் தள்ளுகிறது லேசில்லை. ரெண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். தனசேகரன் கடையில் வந்தவாசியிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாம் என்று நினைத்தேன். காத்திருந்தால் திரும்பிப் போய்விடுவேன் என்றும் தெரிந்தது. வாசலிலேயே நின்று சொன்னேன்.

"தனசேகரு, அந்தப் பையன் குடிக்கல. நான் செஞ்ச ஃபுட்ரெஸ்ட்டுதான் அவனைத் தள்ளிவுட்டுச்சி."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அவங்கம்மா வந்து அழுதாங்களா? சொல்லச் சொன்னாங்களா? இல்ல, எதாவது கைல குடுத்தாங்களா?"

நான் எல்லாரையும் பார்க்கிற பார்வை அது. என் மேல் விழுந்தபோது ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

"நான் சொன்னா நம்பாதே. எழுந்து வா, இதைப் புடி."

வந்தான். வண்டியின் மேல் நான் ஏறி உட்கார்ந்து, அவனை வலது பக்கம் சாய்க்கச் சொன்னேன். கொஞ்சம்தான் சாய்த்திருப்பான், ஃபுட்ரெஸ்ட் சிமென்ட் தரையில் டங்கென்று இடித்தது. இறங்கி, பக்கத்தில் நின்ற அவனுடைய பைக்கைச் சாய்க்கச் சொன்னேன். அதே சாய்வுக்கு அதில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் மேலே தட்டினேன். மடங்கிக்கொண்டது. என்னுடையதைத் தட்டினேன். என் கால்தான் வலித்தது.

"ரோட்ல ஒரசின தேய்மானம் இருக்கணுமே? ஒண்ணையும் காணோமே" என்றான்.

"இருந்துச்சி. நான்தான் கிரைண்டர்ல தேச்சி அழிச்சேன். ரெண்டு தடவை வந்து சொன்னான், ஓசி வேலைக்கு வந்துட்டான்னு வெரட்டினேன். அப்புறம் உங்கிட்ட வந்து தண்ணி போட்டான்னேன்."

வந்தவாசிக்காரர்கள் புடவையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் குனிந்து அந்த உருண்டை முனையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, "கால் சரியானதும் வரச் சொல்லுங்க" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு என் கடைக்குப் போய் டப்பாவைக் கிளறி, அந்தப் பழைய துண்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு அருள்பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் படுத்திருந்தான். மாவுக்கட்டுப் போட்ட கால் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஆரோக்கியசெல்வி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"உன் வேலை இருக்குது. தனசேகருகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்றேன்.

"கர்த்தர் உங்கள நல்லா வெக்கணும் அண்ணே" என்றாள்.

"இரும்மா. நான் முழுசா சொல்லிடறேன்."

சொன்னேன். கிரைண்டரையும் சொன்னேன், டீக்கடையில் சிரித்ததையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அதற்கப்புறம் டீயை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

அருள்பிரகாஷ் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நான் ரெண்டு தடவ வந்து சொன்னேன் இல்ல?"

"சொன்னே."

"குனிஞ்சு ஒரு தடவ பாத்திருக்கலாம் இல்ல?"

"பாத்திருக்கலாம்."

துணியில் சுற்றியிருந்த பழைய ஃபுட்ரெஸ்டுகளை அவன் பக்கத்தில் வைத்தேன். "நானே திரும்ப மாட்டிக் குடுத்திடறேன். நீ காட்டின மாதிரி ஒண்ணரை அங்குலத்துக்கு..."

"வேணாம் பெரியவரே. வண்டிய அங்கயே வுடுங்க. நான் வேற ஆளை வெச்சுப் பாத்துக்கறேன்."

அவன் ஒரு துண்டைக் கையில் எடுத்தான். விரலால் மேலே தள்ளினான், மடங்கியது. விட்டான், டக்கென்று திரும்பி வந்தது. மறுபடி தள்ளினான், மறுபடி விட்டான். நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிற வரைக்கும் உள்ளே அந்த டக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.