பத்தாவது ஓட்டை

மெர்ல் ரஸ்காவிடம் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் வாய் கொடுக்கலாம், பித்தளைக் கூட்டைப் பற்றி மட்டும் கூடாது. சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டைப் பத்துத் தடவையாவது திரும்பப் பயன்படுத்தாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. சுடும்போது கூடு உப்பிவிடும். அதைக் கைப்பிடி வைத்த பிரஸ்ஸில் பொருத்தி, டை என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் புது மருந்தும் குண்டும் வைக்க முடியும். எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் ரஸ்கா வீட்டில் பத்து வருஷமாக ரகளை.

மெர்லுடையது போல்ட் என்கிற தாழைக் கையால் தள்ளி மூடுகிற துப்பாக்கி. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டி மாட்டின் காலை ஒடிக்கிற புல்வெளி நாய் என்கிற அணில் வகைப் பிராணிகளை அதால்தான் சுடுவான். கூடு சற்று இறுக்கமாக இருந்தாலும் உள்ளங்கையால் ஒரு தட்டு, மூடிக்கொள்ளும். அதனால் டையைப் பட்டும் படாமலும் வைத்திருப்பான். அவன் மனைவி லவோனுடையது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம். அதில் தள்ளிவிட ஆள் கிடையாது, ஒரு சுருள்வில்தான் எல்லாம். கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரிகிற பகுதி, ஒரு தலைமுடி அளவு உயர்ந்திருந்தாலும் போல்ட் பாதியில் நின்றுவிடும். தோட்டாவின் அளவு இருவருக்கும் ஒன்றுதான், டையும் ஒன்றுதான். வினையே அங்கேதான்.

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்கேன், மெர்ல்."

"ரொம்ப நசுக்கினா அடியில விரிசல் விடும், வோன்னி. பித்தளை என்ன ரப்பரா?"

"விட்டா விட்டுட்டுப் போகுது. போட்டி நடுவுல சிக்குதே, அதுக்கு என்ன வழி?"

"துப்பாக்கியத் தொடச்சு வை. அழுக்கா வச்சிருந்தா சிக்காம என்ன செய்யும்?"

லவோன் துடைக்காத நாள் கிடையாது. முப்பத்தோரு பிள்ளைகளைச் சரளைச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற பஸ்ஸையே அப்படித் துடைத்து வைப்பவள். ஆனால் இதைச் சொல்லி அவனிடம் ஜெயிக்க முடியுமா என்ன?

விஷயம் இதுதான். மாநிலப் போட்டிகளில் முப்பது புள்ளி சேர்த்தால் பெயர் பொறித்த பதக்கம் ஒன்று தருவார்கள். அந்த வட்டாரத்தில் அதை வாங்கியவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். லவோனிடம் இருபத்துநாலு இருந்தது. இன்னொரு தடவை முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மீதி ஆறும் கிடைத்துவிடும். இரண்டு வருஷமாக அந்த ஆறுக்குத்தான் போராட்டம். இரண்டு தடவையும் நேரக் கெடுவுக்குள் சுட வேண்டிய வேகச்சுற்றின் நடுவே தோட்டா சிக்கிக்கொண்டது. சாதாரணப் போட்டியில் சிக்கினால் மறுபடி சுடலாம், இந்தப் போட்டியில் அந்தப் பேச்சே கிடையாது. போதாக்குறைக்கு இந்த செப்டம்பரில் அவளுக்குத் தோள்பட்டை ஆபரேஷன். அதற்குப் பிறகு கையில் துப்பாக்கி வாரை இறுக்கிக்கொண்டு படுத்துச் சுடுவதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். அறுபத்தொரு வயதில் இதுதான் கடைசி வாய்ப்பு.

எனவே போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, மெர்ல் வைக்கோல் கட்டு ஏற்றப் போயிருந்த மதியத்தில், அவள் ஒரு திருட்டு வேலை செய்தாள். டையின் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, ஒரு நூல் கீழே இறக்கி, மறுபடி இறுக்கினாள். ஒரு கூட்டை அழுத்தி கேஜில் போட்டுப் பார்த்தாள். கேஜ் என்பது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கே கடைந்த ஒரு எஃகுக் குழல். கூடு அதன் விளிம்போடு விளிம்பாகச் சட்டென்று உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சில கூடுகளை அழுத்துவதற்குள் பஸ் நேரம் ஆகிவிட, அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது மேஜை காலியாக இருந்தது. பெட்டி நிறைய, மருந்தும் குண்டும் வைத்து முடித்த தோட்டா.

"மொத்தத்தையும் முடிச்சுட்டேன்," என்றான் மெர்ல், கையைத் துடைத்தபடி. "உனக்குத் தோள் வலி. எதுக்கு அந்தக் கைப்பிடியைப் போட்டு இழுத்துக்கிட்டு?"

அவளுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. டையைப் பற்றிக் கேட்டால் குட்டு வெளிப்படும் என்று கேட்காமல் விட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

போட்டியன்று காலை, மைதானத்தில் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பையில் கிடந்த கேஜ் கையில் தட்டுப்பட்டது. சும்மாதான் ஒரு தோட்டாவைப் போட்டாள். அது விளிம்புக்கு மேலே நின்றது. நகத்தால் தடவினால் நகம் தட்டியது. அடுத்ததும் அப்படியே. காப்பியைக் கீழே வைத்தாள்.

மெர்ல் டையைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் மீதியை அழுத்தியிருக்கிறான். அவன் இலக்குச் சட்டங்களை ஏற்றி இறக்குகிற பள்ளத்துக்கு ஆள் போதவில்லை என்று ஏற்கெனவே நடந்து போய்விட்டான். இருந்திருந்தாலும் கத்துவதற்கு நேரமில்லை. எல்லாவற்றையும் கேஜில் போட்டுப் பிரித்தாள். நின்று சுடும் பத்தும், தூரத்து இலக்குக்கான இருபதும் நிதானச் சுற்று. ஒவ்வொன்றாகப் போட்டு, சிக்கினால் உருவிவிட்டு அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இறுக்கமான தோட்டா போதும். உட்கார்ந்து பத்து, படுத்துப் பத்து என்கிற இரண்டு வேகச்சுற்றுக்குத்தான் நல்லது வேண்டும், இருபது. மூன்று தடவை தேடியும் பத்தொன்பதுதான் தேறின.

இருப்பதில் கொஞ்சம் தேவலை என்று தோன்றியதை இருபதாவதாக எடுத்தாள். படுத்துச் சுடும் சுற்றுக்கான இரண்டாவது தோட்டாப் பெட்டியில், அதாவது மேகஸினில், கடைசித் தோட்டாவாக வரும்படி வைத்தாள். சிக்கினாலும் மற்ற ஒன்பதைக் கெடுக்காது.

நின்றும் உட்கார்ந்தும் சுட்டது நன்றாகவே போயிற்று. படுத்துச் சுடும்போது இரண்டு, மேகஸின் மாற்றம், பிறகு ஏழு. ஒன்பதும் நடுவில் போய் விழுந்தது அவளுக்கே தெரிந்தது. பத்தாவதற்கு விசையை இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. போல்ட் ஒரு மயிரிழை திறந்து நின்றது. அடித்துத் திணிப்பது ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். பதினொரு வினாடி மிச்சம் இருந்தது, அந்தப் பதினொரு வினாடியும் அவள் சும்மா படுத்துக் கிடந்தாள். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

சுற்று முடிந்ததும் பலமாக இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்து அவளுக்குக் கணக்கு எழுதிய ட்வைட் கெஸல் ஒரு பல் டாக்டர். அடுத்த சுற்று அவனுடையது. தன் வாரை மாட்டும் அவசரத்தில் எட்டுக்கு மேல் எண்ணாமலே பத்து என்று எழுதிவிட்டான்.

பள்ளத்திலிருந்து இலக்கு மேலே வர நேரமாயிற்று. ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் புள்ளி எழுதிய பலகையோடு வந்தது. பத்துக் குண்டு, தொண்ணூற்றொன்பது புள்ளி.

"என்ன பிரமாதமா சுட்டிருக்கீங்க!" என்றான் ட்வைட். "பள்ளத்துல ஒரே சண்டையாம். ஒன்பது ஓட்டைதான் தெரியுதாம். நாலஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு, அதுக்குள்ளதான் இன்னொண்ணும் போயிருக்குன்னு சட்டம் ஏத்துறவரு அடம் பிடிச்சிருக்காரு."

"யாரு அது?"

"உங்க வீட்டுக்காரர்தான்! உங்க பதினாலாம் சட்டம் அவருக்குத்தான் விழுந்திருக்கு."

விதியும் அப்படித்தான் சொல்கிறது. குண்டுகள் நெருங்கிக் கிழித்திருந்தால், காணாமல் போனது அதே கிழிசல் வழியாகப் போனதாக வைத்துக்கொண்டு சுட்டவருக்கே சாதகமாகக் கொடுப்பார்கள். லவோன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பையில் தோட்டா கனத்தது.

தூரத்து இலக்குக்கு இருபதும் சுட்டாள். நான்கு சிக்கின, உருவிப் போட்டுவிட்டு அடுத்ததைச் சுட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே யோசனைதான். யாரும் பார்க்கவில்லை. அவளாக எதையும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அநியாயமாகப் போனதற்கு இது ஈடு என்று வைத்துக்கொண்டால் என்ன? வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அதை மறைத்து என்ன பயன்.

கணக்கு மேஜையில் புள்ளிச் சீட்டு வந்தது. 479, மூன்றாம் இடம். ட்வைட் 474. கீழே கையெழுத்துப் போட வேண்டும். பள்ளத்திலிருந்து மெர்ல் வந்து சேர்ந்தான். முகமெல்லாம் புழுதி, பல்லெல்லாம் சிரிப்பு.

"அந்த அதிகாரிகிட்ட நான் விட்டுக் குடுக்கவே இல்ல, வோன்னி! 'அந்தம்மா சுட்டா சட்டத்த விட்டு வெளிய போகாதுய்யா, நல்லா தேடிப் பாரு'ன்னேன். பூதக்கண்ணாடி வச்சுத் தேடினோம். அந்த நாலுக்குள்ளதான் இருக்கு, சத்தியமா!"

அவ்வளவு சந்தோஷமாக அவனை அவள் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. பேனாவை எடுத்தாள். எடுத்த பேனாவை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த தோட்டாவை எடுத்துச் சீட்டின் மேல் நிறுத்தினாள்.

"பத்தாவது இங்க இருக்கு. நான் ஒன்பதுதான் சுட்டேன்."

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் ட்வைட்டைப் பார்த்தாள். ட்வைட் கழுத்து வரை சிவந்தான்.

"ஏங்க, என் நோட்டுல பத்துன்னுதானே இருக்கு," என்றான் மெதுவாக. "யாரு கேட்டா உங்கள?"

"யாரும் கேக்கல. அடிச்சுட்டு எழுதுங்க."

479 அடிபட்டு 469 ஆயிற்று. ட்வைட் மூன்றாவதாக ஏறினான், லவோன் ஐந்தாவதாக இறங்கினாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மெர்ல் அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்திருந்தான். அவள் பையிலிருந்த கேஜை எடுத்து, அதற்குள் போட்டு, கட்டைவிரல் நகத்தால் விளிம்பைத் தடவினான். நகம் தட்டியது. மறுபடி தடவினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்குக் கிளம்பி நாற்பது மைல் போயாயிற்று. வழக்கமாக மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட நிற்கிற கடையைத் தாண்டியும் அவன் வண்டியை நிறுத்தவில்லை.

"டை கீழ எறங்கியிருந்துச்சு," என்றான் கடைசியில். "வளையம் தளந்து தானா எறங்கிருச்சுன்னு நெனச்சு நாந்தான் மேல ஏத்தி வச்சேன். நீயா எறக்கினே?"

"நாந்தான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பத்து வருஷமா சொன்னேன், மெர்ல்."

அவன் சாலையையே பார்த்து ஓட்டினான். இரண்டு பக்கமும் சோளம் காய்ந்து நின்றது.

"அப்படியொரு ஓட்டையே இல்லாம, இருக்குன்னு எப்படிய்யா சத்தியம் பண்ணினே?" என்று கேட்டாள்.

"நீ சுட்டிருப்பேன்னு நெனச்சேன். நீ தப்ப விட்டிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவளுக்கு அவன்மீது கோபம் அப்படியே இருந்தது. அதோடு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பத்து வருஷத்துல ஒரு தடவை," என்றாள், "டை விஷயத்துலயும் நான் சொன்னா சரியா இருக்கும்னு தோணியிருக்கலாம்ல உனக்கு?"

மெர்ல் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தோட்டாவை இன்னும் கைக்குள்தான் வைத்திருக்கிறான் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.