எட்டாவது பெயர்

ஆம்புலன்ஸ் பயிற்சி விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. 'இந்தப் பயிற்சியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' அதன் கீழே மூன்று கோடுகள். அந்த மூன்று கோடுகளை லோர்னா பெல்கி இரண்டு நாளாக அடுப்படி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுதியாயிற்று. வயது ஐம்பத்தெட்டு. தொழில் என்ற இடத்தில் 'பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இருபத்தாறு வருடம்' என்று எழுதி, யாரும் கேட்காமலே 'ஒரு விபத்துகூட இல்லை' என்பதையும் சேர்த்தாயிற்று. அந்த மூன்று கோட்டுக்கு வந்தால்தான் பேனா நகரமாட்டேன் என்றது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நின்றபடி, இதற்குமேல் யோசித்தால் வகுப்பே முடிந்துவிடும் என்று எழுதிப்போட்டாள்: 'ஆள் பற்றவில்லை என்று சொன்னார்கள்.'

அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவுமில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் கணவன் வெண்டெல் உருளைக்கிழங்குக் கிடங்கில் சாய்ந்தான். ஊர் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது, ஓட்டவும் ஆள் இருந்தது. கூடப் போகப் பயிற்சி பெற்றவர்தான் அன்றைக்கு யாரும் இல்லை. நாற்பது மைல் தள்ளி இருந்த அடுத்த ஊரிலிருந்து வண்டி வர நாற்பத்தேழு நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் லோர்னா மண்தரையில் மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அடித்தது. கண் செருகிவிட்டது, வாய் திறந்துவிட்டது, ஆனால் அவள் பிடிக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு தடவைகூட தவறாமல். தொலைபேசியில் அவசர உதவிப் பெண் நெஞ்சை அழுத்தச் சொல்லிக் கத்தினாள். நாடிதான் நன்றாக இருக்கிறதே, இதை எதற்கு அழுத்துவது என்று லோர்னா தொலைபேசியைக் கிழங்கு மூட்டைமேல் வைத்துவிட்டாள். வந்தவர்கள் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தபோதுதான் கையை விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் துக்கத்தைவிட ஒரு பிரமிப்புதான் பெரிதாக இருந்தது. என்ன மனுஷன், என்ன இதயம்! முப்பத்தொரு வருடம் குறட்டை விட்டுக்கொண்டு பக்கத்தில் கிடந்தவனுக்குள் அப்படி ஒரு பிடிவாதம் இருந்ததே! அடக்கத்தன்று பாதிரியார் அதைச் சொல்லித்தான் பிரசங்கம் செய்தார். அந்த அடியை இன்னொரு தடவை விரலில் உணரவேண்டும், அது என்னவென்று தெரிந்துகொள்ளவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. இதைப் போய் மூன்று கோட்டில் எப்படி எழுதுவது?

தீயணைப்பு நிலையத்தில் இரண்டு வண்டிகளையும் வெளியே பனியில் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டீசல் வாசனையும் காப்பி வாசனையும் கலந்து அடித்தது. மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தும் டிரெஸ்ஸா டெய்கிள் முன்னால் நின்றாள். இருபத்தேழு வயது. லோர்னாவின் ஏழாம் எண் பேருந்தில் ஆற்று வளைவு வந்தால் தவறாமல் வாந்தி எடுத்த அதே டிரெஸ்ஸாதான். இப்போது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கையில் பட்டையான கடிகாரமுமாக நின்றாள்.

"வாம்மா, வா!" என்று முன்வரிசையிலிருந்து ராய்ஸ் ஹாஸ்கல் கூப்பிட்டான். ஊரில் பனி வழிக்கும் வண்டியை ஓட்டுகிறவன், அறுபது தாண்டியவன், வாய் மூடத் தெரியாதவன். "இருபத்தாறு வருஷமாப் பிள்ளைங்க குடலைப் பொரட்டினது போதாதுன்னு எங்களையும் ஒரு வழி பண்ண வந்துட்டியா?"

"நீ வழிச்சுவிட்ட ரோட்டுல போனா எந்தக் குடல்தான் தாங்கும்?"

ராய்ஸ் குலுங்கிச் சிரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு மறுபக்கம் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி. ஊர்க்கதை தெரியாத ஆள் கிடைத்தால் ராய்ஸ் விடுவானா? "இவ யாரு தெரியுமா? வெண்டெல் பெல்கியோட சம்சாரம். நாப்பத்தேழு நிமிஷம்! விழுந்த மனுஷன் ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நாடியை விடல. இவ கையில அடிச்சுக்கிட்டே இருந்துது. கோயில்லயே சொன்னாங்க." அந்தப் பெண் கண்ணை அகல விரித்து லோர்னாவைப் பார்த்தாள். லோர்னா மடியைப் பார்த்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, கேட்கப் பிடித்தும் இருந்தது.

டிரெஸ்ஸா ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "நேராவே சொல்லிடறேன். சேர்றோம்னு எட்டுப் பேர் கையெழுத்து இல்லாம, பாடம் நடத்தற கல்லூரியில வகுப்பு குடுக்க மாட்டாங்க. வகுப்பு இல்லன்னா ஜூலைக்கப்புறம் நம்ம ஊர் ஆம்புலன்ஸ் ஓடாது, எல்லாத்துக்கும் நாப்பது மைல்தான். இன்னிக்கு உக்காந்து பாருங்க. பிடிச்சா போறதுக்குள்ள கையெழுத்துப் போடுங்க. பிடிக்கலன்னா போடாதீங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"கோவிச்சுக்குவா," என்று ராய்ஸ் முணுமுணுத்தான்.

லோர்னா தலைகளை எண்ணினாள். பேருந்துக்காரிக்கு அது பழக்கம். தன்னையும் சேர்த்துச் சரியாக எட்டு.

முதல் பாடமே நாடி. இதயம் நெஞ்சுக்குள் மட்டும் இல்லை, உடம்பு முழுக்க அது வந்து கதவைத் தட்டும் இடங்கள் இருக்கின்றன என்றாள் டிரெஸ்ஸா. கழுத்தில், முழங்கை மடிப்பில், முட்டிக்குப் பின்னால், பாதத்தின் மேலே. எல்லோரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். எட்டுப் பேர், கம்பளிக் காலுறையும் பெருமூச்சுமாக, குனிந்து அவரவர் பாதத்தில் விரல் வைத்துத் தேடினார்கள். பிறகு புதுப்பெண் "ஐயோ, இருக்கு!" என்றாள். ராய்ஸ் "எனக்கும்!" என்றான். லோர்னாவுக்கும் கிடைத்தது. மெல்லியதாக, எலும்பை ஒட்டி, உள்ளேயிருந்து ஒரு தட்டல். ஐம்பத்தெட்டு வருடம் இந்தக் காலால் நடந்திருக்கிறாள், கிளட்ச் மிதித்திருக்கிறாள், இது இங்கே இருப்பது தெரியாமலே! குனிந்தவள் நிமிர மனமில்லாமல் அப்படியே இருந்தாள். தேவாலயத்தில்கூட அவளுக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்தது கிடையாது.

"இப்ப ஜோடி சேர்ந்து அடுத்தவங்க மணிக்கட்டைப் பிடிங்க," என்றாள் டிரெஸ்ஸா. "ஆள்காட்டி விரல், நடுவிரல், ரெண்டு மட்டும். கட்டைவிரல் வைக்கவே கூடாது. எல்லாரும் பண்ற முதல் தப்பு அதுதான். கட்டைவிரல்ல நல்ல ரத்தக்குழாய் ஓடுது, அதுக்கே நாடி உண்டு. செத்தவர் கையைப் பிடிச்சிருப்பீங்க, உங்க நாடி அடிக்கிறதை அவரோடதுன்னு நினைச்சுக்கிட்டு, உயிர் இருக்கு, உயிர் இருக்குன்னு..."

ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய வாக்கியம். பாதியில்தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். வாயை மூடிக்கொண்டாள். ராய்ஸ் கழற்றி வைத்த தன் பூட்ஸையே பார்த்தான். புதுப்பெண்கூடப் புரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் முன்னால்தானே கதை கேட்டிருந்தாள்.

லோர்னாவின் வலது கை மடியில் கிடந்தது. கிழங்குக் கிடங்கில் எப்படிப் பிடித்தோம் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி. நான்கு விரலும் ஒருபக்கம், கட்டைவிரல் மறுபக்கம், அழுத்தி. "கோட்டு எடுத்துக்கறேன்," என்று யாருக்கோ சொல்லிவிட்டு எழுந்து பின்னறைக்குப் போனாள்.

பின்னறையில் கோட்டுகள் ஆணியில் தொங்கின. கீழே பெஞ்சின்மேல், அடுத்த வாரப் பாடத்துக்காக, முழு ஆள் அளவு ரப்பர் பொம்மை ஒன்று வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தது. லோர்னா கோட்டுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை இறங்கியது. அவள் மண்டியிட்டாள். பொம்மையின் மணிக்கட்டை, அன்றைக்குப் பிடித்ததுபோலவே, முழுக்கையாலும் பற்றினாள். சில்லென்று இருந்தது. கொஞ்சம் அழுத்தினாள்.

அடித்தது.

தெளிவாக, பலமாக, ஒரு தடவைகூட தவறாமல் அடித்தது. அவள் கையை எடுத்தாள், மறுபடி பிடித்தாள். அடித்தது. அதே பிடிவாதம். இரண்டு வருடமாக அவள் யாரை நினைத்து வியந்தாளோ, அவன் இந்த ரப்பருக்குள் வந்து படுத்திருப்பதுபோல அடித்தது.

டிரெஸ்ஸா வாசலில் வந்து நின்றாள். "மிசஸ் பெல்கி, நான் அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எப்படிச் சொன்னா என்ன? இங்க வா. இதுக்கும் அடிக்குது பாரு."

டிரெஸ்ஸா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அழுத்து அழுத்துன்னு அந்தப் பொண்ணு போன்ல கத்தினா. நான் போனைக் கீழ வச்சுட்டேன்." லோர்னா இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. "அழுத்தியிருந்தா?"

"தெரியாது."

"எனக்காகப் பார்த்துச் சொல்லாத."

"பிழைச்சிருப்பார்னு சொன்னா அது பொய். பிழைச்சிருக்க மாட்டார்னு சொன்னாலும் பொய். தெரியாது, மிசஸ் பெல்கி. நிஜமாவே தெரியாது."

லோர்னா அவளைப் பார்த்தாள். "சின்னதுலயும் நீ இப்படித்தான். பஸ்ஸை நிறுத்தி யாரு வாந்தி எடுத்ததுன்னு கேட்டா மத்ததுங்க எல்லாம் பக்கத்து சீட்டைக் காட்டும். நீ மட்டும் நான்தான்னு கையைத் தூக்குவ." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அன்னிக்குப் பயமே இல்ல தெரியுமா? எல்லாரும் கேட்டாங்க, எப்படித் தனியா இருந்தேன்னு. அது அடிக்கிறதை நம்பித்தான் இருந்தேன். அவர் கூட இருக்கார், எனக்கென்னன்னு இருந்தேன்." தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துத் தட்டையாகிப்போன விரல், நகத்தோரம் வெடிப்பு. "இதுவா எனக்குத் தைரியம் சொல்லிக்கிட்டிருந்தது?"

டிரெஸ்ஸா எழுந்தபோது, "வீட்டுக்குப் போகணும்னா போங்க. எட்டாவது ஆளை எங்கயாவது பிடிச்சுக்கறேன்," என்றாள்.

"இந்த ஊர்லயா?"

டிரெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. அவள் போய்விட்டாள்.

லோர்னா கோட்டைப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். வெளியே போக வேண்டுமானால் வகுப்பைக் கடந்துதான் போகவேண்டும். என்ன கட்டடமோ! கதவைத் திறந்தபோது அத்தனை பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் நிமிரவில்லை. ராய்ஸ் மட்டும் ஜோடி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, முன்கையை மல்லாத்தித் தொடைமேல் வைத்திருந்தான். ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொல்லித் திரிந்த வாய் இறுக மூடியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கையை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தான்.

வாசல்வரை போனாள். கதவுக்கண்ணாடி வழியே தீயணைப்பு வண்டிகள் தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் ஆம்புலன்ஸ், கூரைமேல் ஒரு சாண் பனியோடு. அன்றைக்கும் அது இங்கேயேதான் நின்றிருந்தது. ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து இஞ்சினைச் சூடாக வைத்துக்கொண்டு, ஏற ஓர் ஆள் வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

லோர்னா திரும்பி வந்து, கோட்டைக் கழற்றாமலே ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். அது சும்மா இருக்கவில்லை, உள்ளே அடித்துக்கொண்டுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கி மடக்கி, இரண்டு விரலை நீட்டி, ராய்ஸின் மணிக்கட்டில் வைத்தாள்.

ஒன்றுமில்லை. தடித்த தோல், பழைய தழும்பு, நரைத்த மயிர். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. அவள் நெஞ்சு காது வரைக்கும் வந்து படபடத்தது. இன்னும் ஒரு நூல் நகர்த்தினாள்.

வந்தது. அவளுடையது அல்ல. அவளுடையது தொண்டையில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. இது வேறு. நிதானமாக, கனமாக, யாரோ கிடங்கில் ஒவ்வொரு மூட்டையாக இறக்கி வைப்பதுபோல. நடுவில் ஒன்றை விட்டுவிட்டு, அட மறந்துட்டேனே என்பதுபோல மறுபடி ஆரம்பித்தது. அவள் சொல்லி அது அடிக்கவில்லை. அவள் பயந்தாலும் அதற்குக் கவலையில்லை. இன்னொரு ஆள் முழுசாக, தனியாக, அவள் இரண்டு விரலுக்குக் கீழே இருந்தான். லோர்னாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கி மோவாயில் நின்றது. அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"இருக்கேனா?" என்றான் ராய்ஸ், மெதுவாக.

"பேசாத."

தாள் கைமாறி வந்தது. ராய்ஸுடையதும் சேர்த்து ஏழு பெயர். ராய்ஸ் தன் மறுகையால் அதை வாங்கி அவள் முழங்காலில் வைத்தான், பேனாவையும் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தான். வெறுமையாக இருந்த எட்டாவது கோட்டின்மேல் பேனா கொஞ்சம் உருண்டு நின்றது.

"லோர்னா, கையெழுத்து..."

"இருடா," என்றாள் அவள். "எண்ணிக்கிட்டிருக்கேன்."