ஒருவருக்குத்தான் அனுமதி

1

இந்தக் கதையில் பாதி திருட்டு. சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் ஒரு நிறைமாதக்காரி உட்கார்ந்திருந்தாள். "ஒருத்தரத்தான் உள்ள உடுவாங்களாமா. நா யாரக் கூட்டிக்கிட்டுப் போறது?" என்று போனில் யாரிடமோ கேட்டாள். கேட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் அதில் ஒருவரும் உட்காரவில்லை. வெண்ணந்தூர் பிரிவில் நான் இறங்கிவிட்டதால் மீதியை நானே இட்டுக்கட்ட வேண்டியதாயிற்று.

"வலின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இதுல பிரசவக் கதை வேற" என்றாள் என் மனைவி வித்யா. பல்வலி தெரியும் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

2

முதல் தொடக்கம்: "தேவிப்ரியா கதவைத் திறந்தபோது அந்தப் பெண் ஏற்கனவே உள்ளே—"

வேண்டாம். முதல் வரியிலேயே பயமுறுத்தினால் வாசகர் உஷாராகிவிடுவார்.

இரண்டாம் தொடக்கம்: "டூலா என்பவர் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். கர்ப்பிணிக்குப் பேச்சுத் துணையாகவும், வலி வரும்போது இடுப்பை அழுத்தி, மூச்சு விடச் சொல்லித் தந்து, கடைசிவரை கையை விடாதவராகவும்..." இதில் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் டூலா என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் அடிக்காமல் விடுகிறேன்.

மூன்றாவதுதான் நிலைத்தது. தேவிப்ரியாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. கணவன் ஜெகதீஸ்வரன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான். பெற்ற தாய் இல்லை. பிரசவ அறையில் அவள் பிடித்துக்கொள்ளக் கட்டில் கம்பிதான் இருந்தது. இரண்டாவது தங்கியதும் அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: இந்த முறை தனியாக உள்ளே போக மாட்டேன். ஓமலூரில் சௌமியா என்றொரு டூலா இருப்பதைப் போனில் தேடிப் பிடித்து, புதன்கிழமைதோறும் வருவதாகப் பேசி முடித்தாள்.

"புள்ள பெக்கறதுக்குக் கூலிக்கு ஆளா?" என்று கேட்டாள் மாமியார் ராமாயி. "அப்ப பெத்துத் தரவும் அவளையே சொல்லீரு."

3

புதன்கிழமைதான் ஆள் வர வேண்டும். வெள்ளிக்கிழமையே ஒருத்தி வந்தாள். ராமாயி மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்த மத்தியானம். தேவிப்ரியா கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் பலகைக்கல்லில் காற்று வாங்க உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் இடுப்பில் சரியான இடத்தில் அழுத்தியது. வாரக்கணக்காக இருந்த வலி அப்படியே இறங்கியது.

"எறக்கி வெய்யி சாமி. எங்கிட்டக் குடு."

சௌமியா ஆள் அனுப்பியிருக்கிறாள் என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள். வந்தவள் கொடுத்த மோரைக் குடிக்கவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி நின்றாள். அதன் பிறகு ராமாயி இல்லாத மத்தியானங்களில் எல்லாம் வந்தாள்.

புதன்கிழமை வந்த சௌமியாவிடம், "நீங்க அனுப்புன அக்கா கை ராசியான கைங்க" என்றாள் தேவிப்ரியா.

"எந்த அக்காங்க? எங்கிட்ட வேற ஆளே இல்லீங்களே."

தேவிப்ரியா பேச்சை மாற்றிவிட்டாள். பயந்துதான் போனாள். ஆனால் அந்தக் கை இல்லாத நாட்களில் அவளால் நிமிரக்கூட முடியவில்லை. அடுத்த முறை வந்தவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நீங்க யாருங்க?"

"உம்பட பிரசவத்துக்கு வாரேன் சாமி. நீ கூப்புட்டாத்தான் உள்ள வருவேன்."

"எதுக்குங்க?"

"மொத அழுகைய ஒருக்கா கேக்கோணும்."

"கேட்டுட்டுப் போயிருவீங்களா?"

அவள் தேவிப்ரியாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

(அவளை ஏதாவது பதில் சொல்ல வைக்கப் படாத பாடு பட்டேன். 'போயிருவேன்' என்று எழுதினால் பொய்யாகத் தெரிந்தது. 'மாட்டேன்' என்று எழுதக் கை வரவில்லை.)

4

இதுவரை எழுதியதை வித்யா படித்தாள். "அந்தப் பொம்பளையும் மாசமா இருக்காளே, அதை ஏன் சொல்லாம விட்டீங்க?" என்றாள்.

நான் அப்படி எழுதவே இல்லை. திரும்பப் படித்தேன். இடுப்பில் ஊன்றிய கை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதுபோல நின்றே இருப்பது. என் கதையில் எனக்குத் தெரியாமல் ஒருத்தி நிறைமாதத்தோடு நின்றிருந்தாள்.

அவள் முதன்முதலில் வந்தது தேவிப்ரியா அந்தப் பலகைக்கல்லில் உட்கார்ந்திருந்தபோது. ஆகவே கல்லைப் பற்றி ராமாயியிடம் கேட்டுப் பார்க்கும்படி தேவிப்ரியாவை அனுப்பினேன்.

"அத்தை, அந்தத் தொவைக்கிற கல்லு எங்கிருந்து வந்துச்சுங்க?"

"அதா? ரிக்கு வண்டிக்குச் செட்டுப் போடறப்ப வழி முக்குல இருந்த சுமைதாங்கியப் பேத்தாங்க அம்மிணி. பலகக்கல்லு நல்லா இருந்துச்சு, எதுக்கு வீணாப் போடறதுன்னு எடுத்தாந்தோம்."

"யாருக்கு வெச்ச கல்லுங்க?"

"யாரோ ஒரு புள்ளத்தாச்சியாமா. வவுத்துப் புள்ளயோட போயிட்டாளாமா. அதெல்லாம் யாரு கண்டா?"

(தெரியாதவர்களுக்கு: பிள்ளையைப் பெறாமலே இறந்தவளுக்குச் சுமை இறங்கவில்லை என்பார்கள். அந்தக் குறை தீர, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் போடுவது வழக்கம். அதில் துணி துவைப்பது வழக்கமில்லை.)

5

வலி கண்டது ஒரு பட்டப்பகலில். சேலத்து மருத்துவமனை. ஜெகதீஸ்வரன் போனில் அழுதுகொண்டிருந்தான். சௌமியா லாரி கவிழ்ந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு, "வந்துட்டே இருக்கேங்க, மூச்ச மட்டும் உட்றாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ராமாயிக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடும். "என்னைய நம்பாத சாமி, நானே உழுந்துருவேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே உள்ளே போக வேண்டும் என்றார் டாக்டர்.

"கூட ஒருத்தருக்குத்தான் அனுமதி. யாரு வர்றீங்க?" என்றாள் நர்ஸ்.

தண்ணீர்க் கேன் பக்கத்தில், இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி அவள் நின்றிருந்தாள். ராமாயி அவள் உடம்பின் ஊடாகவே கையை நீட்டித் தண்ணீர் பிடித்தாள். "கூப்புடு சாமி" என்றாள் அவள், தேவிப்ரியாவுக்கு மட்டும் கேட்கும்படி.

6

முடிவு ஒன்று. சௌமியா ஓடி வந்து சேர்கிறாள். கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறாள். குழந்தை அழுகிறது. வெளியே நின்றவள் மூடிய கதவில் காதை வைத்து— அடித்துவிட்டேன். இத்தனை மத்தியானமும் வலியை வாங்கிச் சுமந்தவளை வாசலில் நிறுத்துவது அநியாயம். தவிர, லாரி இன்னும் நகரவில்லை.

முடிவு இரண்டு. தேவிப்ரியா அவளைக் கூப்பிடுகிறாள். வலி தணிகிறது. குறைந்துகொண்டிருந்த துடிப்பு நிமிர்கிறது. குழந்தை பிறந்து அழுகிறது. அதை முதலில் வாங்கிய கை—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு மூன்று. தேவிப்ரியா தனியாகப் போகிறாள். வித்யா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "என்ன வேணா எழுதுங்க. அவளத் தனியா மட்டும் அனுப்பாதீங்க." அவள் கண் கலங்கியிருந்தது.

எனவே இது உங்களிடம் வருகிறது. அந்தச் சுமைதாங்கிப் பெண்ணின் முகத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் ஆசைதான் தெரிகிறது. ஒரு அழுகையைக் கேட்டால் தீருகிற ஆசையா, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டால்தான் தீருமா என்று தெரியவில்லை. தேவிப்ரியாவுக்கும் தெரியாது. அடுத்த வலி ஏறிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் கதவைப் பிடித்தபடி, "சீக்கிரம் சொல்லுங்கம்மா, யாரு?" என்கிறாள். தேவிப்ரியா வாயைத் திறந்துவிட்டாள். நீங்கள் சொல்வதைத்தான் அவள் சொல்வாள்.