உள்பக்கத் தையல்

ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித்தான் துவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் ஒட்டிய எண்ணும் பெயரும் உரிந்துவிடும். கம்பெனியின் கால்பந்து அணிக்குப் பதினோரு வருடமாகத் துவைத்துத் தைத்துத் தேய்த்துக் கொடுப்பவள் நான். தூக்கத்தில் எழுப்பினாலும் புரட்டித்தான் போடுவேன். அந்தப் பழக்கம்தான் நெட்டையனின் வேலைக்கு உலை வைத்தது.

நெட்டையன் எங்கள் கோல்கீப்பர். ஊர்வலத்தில் போலீஸ் சுட்டதில் அவன் அண்ணன் செத்துப்போனான். கறுப்புப் பட்டை கட்டி ஆட அனுமதி கேட்டான். "விளையாட்டுல அரசியலக் கொண்டு வராதே. கம்பெனிக்கு எந்தக் கட்சியும் கிடையாது" என்று மேனேஜர் முடித்துவிட்டார். நேராக என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, ஜெர்சிக் கையில உள்பக்கமா ஒரு கறுப்புத் துணி வெச்சுத் தைச்சுக் குடுங்க. யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

கோல்கீப்பர் ஜெர்சி தடித்த மஞ்சள் துணி. மஞ்சள் நூலிலேயே, விரலகலத்துக்குத் தைத்துக் கொடுத்தேன். அன்றைய ஆட்டத்தில் ஒரு கோல்கூட விடவில்லை, பாவி.

மறுநாள் வழக்கம்போலப் புரட்டித் துவைத்துக் கொடியில் போட்டேன். அந்தப் பக்கமாக மேனேஜர் வந்தார். வெயிலில் கறுப்பு பளிச்சென்று தெரிந்தது.

"யார் தைச்சது?"

நான் குனிந்து வாளியை எடுத்தேன். "நான்தான் சார்" என்றான், பயிற்சிக்கு வந்திருந்த நெட்டையன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன். மாலையே ஜெர்சியைப் பிடுங்கிக்கொண்டு வேலைநீக்கக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நீ சொல்லியிருந்தால் ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதான். ஆனாலும் அன்று சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

இன்று மேனேஜர் அதே ஜெர்சியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்.

"மந்திரி வர்றார்மா, மைதானத்துல வெச்சு ஜெர்சி குடுக்கணும். ஒண்ணாம் நம்பர்தான் வேணுமாம். புதுசு அடிக்க நேரமில்ல. பேரை மட்டும் மாத்தி ஒட்டிடு. அந்தக் கறுப்பையும் எடுத்துரு."

சுட்டது சரிதான் என்று டிவியில் சொன்ன அதே மந்திரி.

"அரசியல் வேண்டாம்னீங்களே சார்?"

"இது அரசியல் இல்லம்மா, மரியாதை."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நெட்டையனின் பெயரை உரித்து, மந்திரியின் பெயரை வைத்துத் தேய்த்தேன். கறுப்புத் துணியைப் பிரித்தேன். நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.

"ஆச்சாம்மா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு சார்."

மடிப்பதற்காக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். ஜெர்சியின் கையில் ஒவ்வொரு துளையிலும் வெயில் தெரிந்தது.