பேரரசன் கையில் உயிர்க்கோல்

அந்தப் பல் மருத்துவமனையின் கடைசி நோயாளி வாயில் பஞ்சோடு வெளியேறியதும் வாசல் ஷட்டர் பாதியளவு இறங்கும். அதன்பின் உள்ளே நடப்பது மருத்துவம் அன்று, போர். டாக்டர் நோயாளிக்குரிய சாய்வு நாற்காலியிலேயே கால் நீட்டிப் படுத்து மடிக்கணினியைத் திறப்பார். வரவேற்பாளர் தம் மேசையை விட்டு அசையாமல், டோக்கன் பெட்டியின்மேல் கைபேசியைச் சாய்த்து வைப்பார். பல்செட் செய்பவர், பிளாஸ்டர் மாவு படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தபடி பின்னறையிலிருந்து வருவார். நான்காமவன் டாக்டரின் மச்சினன். பஞ்சும் மருந்தும் வாங்கி வருவது அவன் வேலை என்று சொல்லப்பட்டது. வாங்கி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

நால்வரும் ஓர் இணைய விளையாட்டில் ஒரே குழுவினர்; அவர்கள் பேச்சில் அது ‘கில்டு’. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் உலவும் அந்த உலகில் டாக்டர் ஒரு வாள்வீரர். அங்கே அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘பேரரசன்’. வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கைக்கு வருவதில்லை என்பதால் இந்தப் பெயரை யாரும் குறைகூறவில்லை. மச்சினன் வில்லாளி, பெரும்பாலும் தூரத்திலேயே நின்றான். பல்செட் செய்பவர் கேடயம் தாங்கி அடிபட்டார். அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றிக் காப்பாற்றும் ‘ஹீலர்’ வரவேற்பாளர். நன்றி சொல்லாதவனைச் சாக விட்டுவிட்டு, “நெட்டு போயிடுச்சு” என்று சொல்வது அவர் வழக்கம். மேசையை விரலால் தட்டும் நோயாளியின் டோக்கன் தாமதமாவதும் இதே முறையில்தான்.

டாக்டருக்கு விதிகள் என்றால் உயிர். விளையாட்டில் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அவர் விளக்காத மாலையே இல்லை.

“இங்க பாருங்க. ஒரு பொருள் கீழ விழுந்தா அது யாருக்கும் சொந்தமில்லை. கை மாத்தலாம், விக்கலாம். ஆனா ஒருத்தன் ஒரு தடவை போட்டுட்டாலோ கையில பிடிச்சுட்டாலோ முடிஞ்சுது. அவனோட ஒட்டிக்கும். அப்புறம் பெத்த தாய்க்குக்கூடக் கொடுக்க முடியாது.”

“இதை நேத்தே சொன்னீங்க சார்” என்பார் பல்செட் செய்பவர்.

“நேத்து சொன்னது கவசத்துக்கு. இது பொதுவா.”

ஒவ்வொரு முறை செத்துப் பிழைக்கும்போதும் அணிந்திருப்பவை தேயும் என்பது அவர் ஓதும் அடுத்த பாடம். கொல்லனிடம் செப்பனிட்டாலும் முன்போல் வலுப்பெறா. ஒரு நாள் உடைந்தே போகும். மிக அரியவையாகிய சில பொருள்களுக்கு மட்டும் தேய்மானம் இல்லை.

இவை விளையாட்டின் விதிகள். பங்கீட்டுக்கு மட்டும் ஒரு விதியை டாக்டர் தாமே வகுத்திருந்தார்: விழும் பொருளைக் குழுத் தலைவராகிய அவரே எடுத்து உரியவரிடம் கொடுப்பார், ஒரு பொருளைப் பெற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார். அந்த விதியை வரவேற்பாளர் உண்மையென்று நம்பினார். சதுப்பு நிலத்துப் பெரும்பாம்பு என்றேனும் ஒரு நாள், காயம் ஆற்றுபவருக்கே உரிய உயிர்க்கோலை உதிர்க்கும். அப்போது வரிசையில் முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக, விழுந்த மோதிரம், காலணி, போர்வை அனைத்தையும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். டாக்டரின் மார்பில் சிங்கமுகக் கவசம் மின்னியபோது, வரவேற்பாளர் கோணிப்பை போன்ற அங்கியுடனும் சந்தையில் வாங்கிய மரக்கழியுடனும் எல்லார் உயிரையும் காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாம்பு செத்தது. அதன் வாயிலிருந்து பச்சை ஒளியுடன் கோல் விழுந்தது.

“விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!” என்று கத்தினார் பல்செட் செய்பவர்.

“பல்லா சார்?” என்று ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்டார் வாசல் காவலர்.

வரவேற்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். கோலை எடுத்துப் பேரரசனின் பைக்குள் போட்ட டாக்டர் தொண்டையைச் செருமினார். “நாளைக்கு முறைப்படி கொடுத்துடறேன்மா.”

“இப்பவே கொடுங்க சார். உங்ககிட்டதானே இருக்கு?”

“முறைன்னு ஒண்ணு இருக்கு. எல்லாரும் இருக்கறப்போ, நான் ரெண்டு வார்த்தை பேசி…”

“எல்லாரும்னா யாரு சார்? நாம நாலு பேர்தான். நாலு பேரும் இங்கதான் இருக்கோம்.”

“அவசரப்படாதம்மா. இத்தனை நாள் பொறுத்த, ஒரு நாள் பொறுக்க மாட்டியா?”

பேருந்துக்கு நேரமானதால் வரவேற்பாளர் கிளம்பினார். பின்னாலேயே பல்செட் செய்பவரும் போனார். மாமனும் மச்சினனும் எஞ்சினர். அந்த இருவரை மட்டும் ஓர் அரிய பொருளுடன் தனியே விட்டுச் சென்றது பிழை.

“மாமா, சும்மா கையில பிடிச்சுப் பாருங்களேன். ஏரிக்கரையில ஒரு போட்டோ. செமையா இருக்கும்.”

“சேச்சே. அது ஹீலரோடது. என் கையில அது ஒரு கீறலைக்கூட ஆத்தாது.”

“ஆத்தவா சொன்னேன்? அழகுக்கு மாமா. அந்தப் பச்சை உங்க சிங்கத்துக்கு எடுப்பா இருக்கும்.”

எடுப்பாக இருக்கும் என்பதை டாக்டர் முன்பே கவனித்திருந்தார். கோலைப் பேரரசனின் கைக்கு இழுத்தார். திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. எதை அணிந்தாலும் எழும் எச்சரிக்கைதான். இதுவரை எத்தனையோ முறை ‘சம்மதம்’ என்று அழுத்திய விரல் இப்போதும் பழக்கத்தில் அழுத்தியது. ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிடும் நோயாளிகளை அன்று காலையில்தான் அவர் கடிந்திருந்தார்.

டாக்டரால் ஓர் இரகசியத்தைக் காப்பாற்ற இயலும்; விளையாட்டால் இயலாது. அரும்பொருள் ஒருவருடன் ஒட்டியதும் அவ்வுலகெங்கும் எக்காளம் முழங்கும். அனைவர் திரையிலும் பொன்னெழுத்து ஓடும். ‘உயிர்க்கோலைப் பேரரசன் தனதாக்கிக்கொண்டான்!’ முன்பின் அறியாத பல்லாயிரவர் அதைப் பார்த்தனர். பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் வரவேற்பாளரும் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார், மேசையைத் துடைத்தார், டோக்கன்களை அடுக்கினார். டாக்டர் இருமுறை அருகே வந்து நின்றார்.

“அந்த விஷயம்மா…”

“எட்டாம் நம்பர் உள்ள வரட்டுமா சார்?”

மதிய உணவின்போது, டிபன் டப்பாக்களுக்கு நடுவே, டாக்டர் தம் விளக்கத்தைத் தொடங்கினார். “அதை நான் பாதுகாப்புக்காகத்தான் போட்டேன்.”

“யாருகிட்டேர்ந்து சார் பாதுகாப்பு?” என்றார் பல்செட் செய்பவர்.

“நீங்க சும்மா இருங்க. இல்லம்மா, எங்கிட்டேர்ந்து எடுத்து உனக்குக் கொடுக்கச் சொல்லி அந்த கேம் கம்பெனிக்கே எழுதியிருக்கேன். பதிலும் வந்துடுச்சு.”

“என்னன்னு?”

டாக்டர் தயிரைக் கலக்கினார். மச்சினன், கேட்கப்படாமலே, டாக்டரின் கைபேசியிலிருந்து உரக்கப் படித்தான்: “‘நீங்கள் சம்மதம் அளித்துள்ளீர்கள். மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.’ அவ்வளவுதான் அக்கா. அடியில சிரிச்ச முகம் ஒண்ணு போட்டிருக்கான்.”

“அடுத்த தடவை விழுந்தா கண்ணை மூடிட்டு உனக்குத்தான்மா.”

“இது விழறதுக்குள்ள என் பொண்ணு பள்ளிக்கூடமே மாறிட்டா சார். அடுத்தது விழறப்போ அவ கல்யாணமே ஆயிடும். ஒரு செருப்புகூட வாங்கிக்காம வெறுங்காலோட உங்க பின்னாடி சேத்துல நடந்தேன். வரிசை, வரிசைன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் போறேன்.”

டாக்டரின் கரண்டி நின்றது. “வேலையை விடுறியா?”

“வேலையை ஏன் சார் விடணும்? சம்பளம் ஒழுங்கா வருது. கில்டைத்தான் விடுறேன்.”

சோற்றுக் கையைக் கழுவாமலே, இடக்கை விரலால் கைபேசியில் அழுத்திக் குழுவிலிருந்து விலகினார். அவரைப் பணிநீக்கம் செய்யலாமா என்று டாக்டர் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் மனைவி காரணம் கேட்பார். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

காயம் ஆற்றுபவர் இல்லாத படை எத்தகையது என்பது அடுத்த வாரமே விளங்கியது. பேரரசன் செத்தார். பிழைத்தெழுந்து மீண்டும் செத்தார். முதலில் தலைக்கவசம் விரிசல் விட்டது. பின்பு சிங்கத்தின் மூக்கு உதிர்ந்தது. கொல்லனிடம் ஓடினார், செப்பனிட்ட கவசம் முன்னிலும் விரைவாகத் தேய்ந்தது. சந்தையில் மலிவாக வேறொன்று கிடைக்கும். ஆனால் சந்தைச் சரக்கை அணிவது பேரரசனுக்கு இழுக்கு. பல்செட் செய்பவருக்குப் பின்னறையில் திடீரென்று ஓயாத வேலை வந்துவிட்டது. வில்லாளி மட்டும் தூரத்திலிருந்து அம்பு எய்துகொண்டிருந்தான்; ஒரு மாலை அவனும் காணாமற்போனான்.

“எங்கடா போயிட்ட?”

“வேற கில்டுல சேர்ந்துட்டேன் மாமா. அங்க ஹீலர் நல்லா பண்றாங்க.”

“எந்த ஹீலர்?”

மச்சினன் வரவேற்பறைப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றான். “குடும்பம் வேற, கில்டு வேற மாமா. வீட்ல அக்காகிட்ட சொல்லிடாதீங்க.”

புதிய குழுவில் வரவேற்பாளருக்கு முதல் நாளே ஒரு ஜோடி காலணி கிடைத்தது. அதைக் கொடுத்த தலைவன், முகம் தெரியாத யாரோ ஒருவன், உரை எதுவும் நிகழ்த்தவில்லை. “பிடிங்கக்கா” என்று மட்டும் தட்டச்சு செய்தான். உயிர்க்கோல் அங்கும் யாரிடமும் இல்லை. இனி அது கிடைக்கும் என்று வரவேற்பாளர் எதிர்பார்க்கவும் இல்லை. மரக்கழியே போதும் என்று சொல்ல அவர் துறவியல்லர். கோலை நினைத்தபோதெல்லாம் பல்லைக் கடித்தார்.

டாக்டர் நிறுத்தியிருக்கலாம். பாம்பைத் தனியாளாய்க் கொன்று இன்னொரு கோலைப் பெற்றுக் கொடுத்துவிட்டால் தம் மானம் திரும்பும் என்று நம்பி, மாலைதோறும் சாய்வு நாற்காலியில் படுத்துச் செத்துக்கொண்டிருந்தார். காலணி போயிற்று. கையுறை போயிற்று. இறுதியில் சிங்கமும் தூள்தூளானது, வாளும் முறிந்தது. கவசம் இல்லாதவனுக்கு அவ்விளையாட்டு இரக்கப்பட்டு அளிப்பது கோடு போட்ட ஓர் அரைக்கால் சட்டை மட்டுமே. பேரரசனிடம் எஞ்சிய ஒரே ஆயுதம், தேய்மானமே இல்லாத, பச்சையாய் ஒளிவீசும், அவர் கையில் எதற்கும் பயன்படாத அந்தக் கோல்.

அந்தக் கோலத்தில்தான் சதுப்பு நிலத்தின் விளிம்பில் அவர் நின்றார். எஞ்சிய உயிரைத் திரையில் காட்டும் கோடு சிவந்து நூலளவாகியிருந்தது. எதிரே புதிய குழு வந்தது. காலணி அணிந்த ஒருவர் மரக்கழியுடன் முன்னே நடந்தார். கடைசியில் வந்த வில்லாளி மரத்தின் பின்னே ஒதுங்கினான்.

டாக்டர் தட்டச்சு செய்தார்: “கொஞ்சம் ஹீல் பண்ணிட்டுப் போம்மா.”

மரக்கழி நின்றது. மடிக்கணினித் திரையில் பதில் வருமுன்பே, பாதி இறங்கிய ஷட்டருக்கு இப்பால், வரவேற்பு மேசையிலிருந்து குரல் வந்தது. நாளெல்லாம் நோயாளிகளிடம் பேசும் அதே ஏற்ற இறக்கமற்ற குரல்.

“டோக்கன் எடுத்திருக்கீங்களா சார்?”

டாக்டர் நாற்காலியில் படுத்தவாறே திருதிருவென விழித்தார். “இல்லம்மா.”

“உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க. உக்காருங்க. கூப்பிடறோம்.”

பின்னறையில் பல்செட் செய்பவர் எதையோ கீழே போட்டு உடைத்தார். மரக்கழியும் அதன் பின்னே குழுவும் சேற்றைக் கடந்து போயின.

அவ்விளையாட்டில் உட்காருவதற்கு ஒரு விசை உண்டு. டாக்டர் அதை அழுத்தினார். பேரரசன் அரைக்கால் சட்டையுடன் ஒரு கல்லின்மேல் அமர்ந்து, கோலை மடியில் கிடத்திக்கொண்டார். அவ்வுலகின் மிகக் கடைநிலை விலங்காகிய தவளை ஒன்று, புல்லுக்கு நடுவே தாவித் தாவி அவரை நெருங்கிக்கொண்டிருந்தது.