நாலு கட்டம்

பத்திரகாளிக்குக் காது போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்தபோது அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். உடம்பில் பெரிய காயம் ஏதும் இல்லை. இரண்டு காதும் அடியோடு போய்விட்டன. அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து திரி வைத்துக்கொண்டிருந்த கடம்பூர் சுதாராணிக்கு வயது இருபத்திரண்டு. அவள் உள்ளே இருந்தாள். சுதாராணியை அடக்கம் செய்த அன்றைக்குப் பத்திரகாளி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அதன் பிறகு அவள் அழவில்லை. சமைத்தாள், துவைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். புருசன் செல்லத்துரை கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். காலையில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவான். அவளோடு அவனுக்குக் கைஜாடைதான் பேச்சு. சோறு, தண்ணி, கதவு. அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. மற்றவர்கள் அதில் எழுதிக் காட்டுவார்கள். அவன் ஒரு நாளும் எழுதியதில்லை.

வீட்டில் அவளோடு பேசியது டிவி ஒன்றுதான். 2008இல் மொட்டை மாடியில் டிஷ் வைத்தபோது கூடவே ஒரு பாக்ஸும் வந்தது. அதன் ரிமோட்டில் மஞ்சள் பொத்தானை அமுக்கினால் படம் போய்த் தமிழ் எழுத்து வரும். மாவட்டச் செய்தி, மழை, மிளகாய் வத்தல் விலை. எழுத்து ஓடாது, நிற்கும். அவள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, ஒரு நாளைக்கு மூன்று தடவை எல்லாப் பக்கத்தையும் படித்துவிடுவாள்.

ஒருநாள் காலையில் பொத்தானை அமுக்கியபோது எழுத்து வரவில்லை. கறுப்புத் திரையில் மேலே ஏதோ ஒரு வரி இங்கிலீஷ். அதன் கீழே நாலு கட்டம். அவ்வளவுதான்.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மாதவனின் கடைக்குப் போனாள். டிஷ் மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"எழுத்து வரல தம்பி. கட்டம் கட்டமா வருது," என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதவன் எழுதினான்: 'எழுத்து சரியா இறங்கலன்னா கட்டமாத்தான் வரும்க்கா. பாக்ஸை ஆஃப் பண்ணி, கார்டை உருவித் துடைச்சுப் போடுங்க. பத்து நிமிசம் கழிச்சு ஆன் பண்ணுங்க.'

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கழித்தே போட்டாள். நாலு கட்டம்.

மறுநாள் மறுபடியும் போனாள். 'பழைய பாக்ஸு. ஒரு நாள் பூராவும் அணைக்காம விடுங்க. அதுவா புதுசா ஏத்திக்கிடும்' என்று எழுதிக் கொடுத்தான். அன்றைக்கு இரண்டு தடவை கரண்ட் போனது. அதற்கடுத்த நாள் கரண்ட் போகவில்லை. பாக்ஸின் பச்சை விளக்குக்கு எதிரே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். எழுத்து வரும் என்றும் நினைக்கவில்லை, வராது என்றும் நினைக்கவில்லை. பொத்தானை அமுக்கினாள். நாலு கட்டம்.

அடுத்த நாள் மாதவனே வீட்டுக்கு வந்தான். மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருகிப் பார்த்தான். சிக்னல் நன்றாக இருந்தது. கீழே வந்து மஞ்சள் பொத்தானைத் தானே அமுக்கிவிட்டு, மேலே இருந்த இங்கிலீஷ் வரியைப் படித்தான். அந்த நேரத்தில் செல்லத்துரை சாப்பாட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இது ரிப்பேர் இல்ல. யாரோ பூட்டுப் போட்டிருக்காவ. நாலு நம்பர் கேக்குது."

செல்லத்துரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "நான்தான் போட்டேன்."

"நீங்களா?"

"போன வாரம் எங்கயோ ஒரு ஆலை வெடிச்சிருக்கு. அதை இதுல போட்டிருந்தான். மத்தியானம் வந்து பாக்கேன், அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அடுப்பு பத்த வைக்கல. ராத்திரி கடை அடைச்சிட்டு வந்தாலும் அங்கனயே இருக்கா. கடைக்கு வார பையன்கிட்ட எப்படிப் பூட்டுறதுன்னு கேட்டு வச்சிருந்தேன், அன்னைக்கே பூட்டிட்டேன்." கை கழுவச் செம்பை எடுத்தான். "கெட்டுப்போச்சு, சரியாவாதுன்னு சொல்லிருங்க."

பத்திரகாளி இருவருக்கும் நடுவில் நின்று ஒரு வாயையும் இன்னொரு வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை மாதவனிடம் நீட்டினாள்.

அவன் பேனா மூடியைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டான். 'ரிப்பேர் இல்லக்கா. பூட்டியிருக்கு. நம்பர் அண்ணாச்சிக்குத் தெரியும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, செல்லத்துரையின் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அவள் படித்தாள். ரிமோட்டைப் புருசனிடம் நீட்டினாள். அவன் நாலு நம்பரையும் அமுக்கினான். எழுத்து வந்தது. மழை இல்லை என்று போட்டிருந்தது. வத்தல் விலை இறங்கியிருந்தது.

செல்லத்துரை தரையில் உட்கார்ந்து நோட்டை இழுத்தான். கடைச் சீட்டில் எழுதுகிற மாதிரியே குறுக்கிக் குறுக்கி எழுதினான்: 'அன்னிக்கு பூரா அதயே பாத்த. பயந்துட்டேன்.'

"செத்தவுக பேரு போடுவானான்னு பாத்தேன்," என்றாள் அவள். "ஆறு பேருன்னு மட்டுந்தான் போட்டான். அடுத்து போடுவான், அடுத்து போடுவான்னு இருந்தேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "படிச்சா அழுகை வருமான்னும் பாத்தேன். வரல."

அவன் ரிமோட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"சுதாராணி வீட்டுக்குப் போவணும்," என்றாள்.

'எப்ப?'

"சோறு தின்னுட்டு."

அன்று சாயங்காலம் அவன் கடையைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் கடம்பூர் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. இறங்கி நடந்தபோதும் அவளுக்கு நெஞ்சில் எதுவும் அசையவில்லை. செருப்பு வார் அறுந்துவிடுமோ என்றுதான் நினைப்பு ஓடியது.

சுதாராணியின் அம்மா சொர்ணத்தாய் வாசலிலேயே அவளை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே கூட்டிப் போய் மகளின் போட்டோவுக்கு எதிரே உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். வெகுநேரம் பேசினாள். பத்திரகாளி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லத்துரை நோட்டை மடியில் விரித்து, கேட்டதை எழுதி எழுதிக் காட்டினான்.

'ஏன் இத்தன நாளு வரலன்னு கேக்காவ.'

"தெரியல," என்றாள் பத்திரகாளி.

'கடேசியா அவ என்ன பேசுனான்னு கேக்காவ.'

"தண்ணி குடிக்கப் போறேன், ஒனக்கு வேணுமாட்டின்னு கேட்டேன். வேணாம்க்கா, நீங்க குடிச்சிட்டு வாங்கன்னா."

சொர்ணத்தாய் அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கை நனைந்தது. பத்திரகாளி அந்தக் கையையே பார்த்தாள். வேறு யாருடைய கையோ போல இருந்தது. ஆனால் அதை இழுத்துக்கொள்ளவில்லை. சொர்ணத்தாய் விடும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரமானபோது எழுந்தாள். "அடுத்த வாரமும் வாரேன்," என்றாள்.

சொர்ணத்தாய் ஏதோ சொன்னாள். செல்லத்துரை நின்றபடியே நோட்டைச் சுவரில் வைத்து எழுதினான்: 'வரச் சொல்லுதாவ.'